ஆலங்காயம் வரைக்கும் ஓடிவிட்டோம், நஸ்ரின்

என் உயிர்த்தோழி நஸ்ரினுக்கு,

முதலில் நல்ல சேதி. போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் மூன்று பேரும் ஆம்பூரிலிருந்து ஆலங்காயம் வரைக்கும் ஓடிவிட்டோம். முப்பது கிலோமீட்டருக்கு மேல்! நான், ஸ்டெல்லா, உன் தங்கை ஷபானா. வாணியம்பாடியைத் தொட்டதற்கே ஷூ கம்பெனியில் நம் தையல் செக்‌ஷன் முழுமைக்கும் பாதுஷா வாங்கிக் கொடுத்தவள் நீ. இதற்கு என்ன வாங்கியிருப்பாய்?

கம்பெனி பஸ்ஸைத் தவறவிட்டு, அதன் பின்னாலேயே ஓடிப் பிடித்து, மூச்சிரைக்கச் சிரித்தாயே, "நல்லாக்குதே, தினமும் ஓடலாமா?" என்று. அங்கேதான் தொடங்கியது. ஒரு நாள் முழு மாரத்தான் ஓடுவோம் என்று சொன்னவளும் நீதான்.

அப்புறம் அந்த மழைக்காலம், டெங்கு காய்ச்சல். ஒரே வாரத்தில் போய்விட்டாய். அப்படி என்ன அவசரம் உனக்கு?

ஓடி ஓடித்தான் உன் உடம்பில் தெம்பு போய்விட்டது என்று உன்னைப் பெற்ற அம்மி நம்பினார். நாங்களும் ஷூவைக் கழற்றி வைத்தோம். பல மாதம் கழித்து, கம்பெனியில் சாப்பாட்டு நேரத்தில் ஷபானா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "கீதாக்கா, மறுபடி ஓடலாமா? அவ நெனப்பு வந்தா ஒரு எடத்துல உக்கார முடியல."

அம்மியிடம் கேட்கப் போனோம். "ஒரு பொண்ண மண்ணுல வெச்சிட்டேன். இன்னொண்ணையும் கேக்க வந்தியா?" என்றார். ஸ்டெல்லாதான் மெதுவாகச் சொன்னாள்: "ஓடாதவங்களுக்கும்தான் அந்தக் காய்ச்சல் வந்துச்சு, அம்மி." அவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

மறுவாரம் அவரே ஷபானாவை வேலூருக்குக் கூட்டிப்போய் டாக்டரிடம் காட்டினார். தாராளமாக ஓடலாம் என்றாராம் டாக்டர். "ஓடட்டும். ஆனா நானும் கூட வருவேன்" என்றார் அம்மி. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தோம். ஞாயிறு விடிந்ததும் உன் மாமுவின் ஆட்டோவில் தண்ணீர் கேனோடு வந்து நிற்கிறார்!

அன்றிலிருந்து எங்கள் பின்னாலேயே வருகிறார். முதலில் மின்னூர், பிறகு வாராவாரம் கொஞ்சம் கூட்டிக் கூட்டி வாணியம்பாடி. "மெதுவா, மெதுவா! இன்னா அவசரம்?" என்று ரோடு முழுக்கக் கேட்கும் அவர் குரல்.

போன ஞாயிறு வாணியம்பாடியைத் தாண்டி, மலை கண்ணில் படுகிற இடத்தில் எனக்குக் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. ரோட்டோரம் உட்கார்ந்து அழுதேவிட்டேன். நீ ஓடிய தூரத்தைத் தாண்டியது அன்றுதான் முதல்முறை. வலிக்கு அழுதேனா, அதற்கு அழுதேனா?

அம்மி இறங்கி வந்தார். ஆட்டோவில் ஏற்றிவிடுவாரோ என்று பயந்தேன். அவரோ அந்த மண்ணிலேயே உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து நீவிவிட்டார்.

"ஜாஸ்தி வலிக்குதா?"

"இல்ல, அம்மி."

"பொய் சொல்றே. அவளும் இப்டித்தான் சொல்லுவா."

பிறகு கை கொடுத்துத் தூக்கினார். "எழுந்துரு. அவ ஓடாத ரோடு இது. நீங்க ஓடி முடிங்க."

கொஞ்ச தூரம் என் கையைப் பிடித்தபடியே நடந்தார். அப்புறம் விட்டார். ஓடினேன், நஸ்ரின்! முன்னால் காத்திருந்த ஷபானாவோடும் ஸ்டெல்லாவோடும் சேர்ந்துகொண்டேன். மூன்று பேரும் ஒன்றாகவே ஆலங்காயம் பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்தோம். டீக்கடையில் இருந்தவர்கள் எங்களையே பார்த்தார்கள்.

அம்மி ஆட்டோவிலிருந்து இறங்கி, எல்லோர் காதிலும் விழும்படி சொன்னார்: "ஆம்பூர்லேர்ந்து ஓடியே வந்துக்கிறாங்க. மூணும் எம் பொண்ணுங்க."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நீ போன பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

அடுத்த மாதம் மாரத்தான். முழுசாக ஓடி முடிப்போம். அது முடிந்த பிறகும், எந்த ஞாயிற்றுக்கிழமையும் உன் அம்மியை வீட்டில் தனியாக உட்காரவிட மாட்டோம். இது சத்தியம்.

என்றும் உன் தோஸ்த்,
ஷபானாவுக்கு இப்போது அக்காவாகவும் இருக்கிற
கீதா