யானை தொடாத பயிர்

அன்பு மச்சானுக்கு,

1996 செப்டம்பர் 20, காலை ஆறே கால் மணி. உங்கள் மலைக்காட்டில் நிற்கும் வாழை ஒன்பது. மற்றதெல்லாம் யானை உங்களைக் கொன்ற அன்றே போய்விட்டது.

கஞ்சாச் செடியை ஊரறியப் பிடுங்கி எரித்துவிட்டு, மாற்றுப் பயிர்த் திட்டத்தில் முதலில் சேர்ந்தவர் நீங்கள்தான். அன்று கூட்டத்திலேயே கேட்டீர்கள்: "ஏனுங்க சார், கஞ்சாவ யானை திரும்பிக்கூடப் பாக்காதுங்க. வாழைய உட்டு வெக்குமுங்களா?" எல்லோரும் சிரித்தார்கள். அதிகாரியும் சிரித்தார். "பட்டாசு தர்றோம், வெடிங்க" என்றார். கீழே சமவெளியில், தாராபுரத்தில் வாழை நன்றாக வருகிறதாம், அதனால் மலைக்கும் வாழை. அவ்வளவுதான் அவர்கள் யோசனை.

அந்தப் பட்டாசு மழையில் நமுத்துப்போயிருந்தது. வெடிக்காத சரத்தைக் கையில் வைத்துக்கொண்டு எதற்கு நின்றீர்கள்? ஓடியிருக்கக் கூடாதா மச்சான்?

'முன்மாதிரி விவசாயி' என்று உங்கள் பெயர் போட்ட பலகை ஊர் முகப்பில் அப்படியே இருக்கிறது. நேற்று பொள்ளாச்சியில் திட்ட ஆபீசுக்குப் போனேன். அதே அதிகாரிதான் இருந்தார். அக்காவுக்கு மறுபடியும் வாழைக் கன்றுதானாம்.

"கன்னு வந்து எறங்கிருச்சு தம்பி. திருப்பி அனுப்ப முடியாது."

"அப்ப யானையத் திருப்பி அனுப்புங்க சார்."

வெளியே போகச் சொன்னார்.

கஞ்சா வியாபாரி மட்டும் சும்மா இல்லை. போன வாரம் வீட்டுக்கே வந்திருக்கிறான். "உங்க ஊட்டுக்காரருக்கு அப்பவே சொன்னனுங்க, கேக்குல. இத வெதச்சுப்போடுங்க அம்மணி, யானை வராது" என்று விதையைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அக்கா அதை அரிசிப் பானைக்குள் வைத்திருக்கிறாள்.

"தூக்கிப் போடுக்கா. போலீஸ் வந்தா உன்னத்தான் கூட்டீட்டுப் போவாங்க."

"போலீஸ் வந்தா செயிலு. யானை வந்தா? நீயே சொல்லு கண்ணு."

நான் டிப்ளமோ படித்தவன், மோட்டார் கம்பெனியில் வேலை. அரிசிப் பானையை மூடி வைத்துவிட்டு எழுந்து வந்தேன். ஐப்பசி மழைக்கு முன்னால் அந்தக் காட்டில் வேறு எதையாவது ஊன்றியாக வேண்டும். இல்லையென்றால் அவள் பானையைத் திறந்துவிடுவாள்.

செய்யப்போவது இதுதான்:

1. மிச்சமிருக்கும் ஒன்பது வாழையையும் இன்றே வெட்டுகிறேன். வாசனைகூட இருக்கக் கூடாது.
2. மிளகாயும் மஞ்சளும் நடுவேன். யானை இரண்டையும் தின்னாது என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். எங்களைத்தான் யாரும் கேட்கவில்லை.
3. காட்டைச் சுற்றி பேட்டரி மின்வேலி. ஞாயிறுதோறும் வந்து நானே கட்டுவேன்.
4. உங்கள் பெயர்ப் பலகையைக் கழற்றி அந்த அதிகாரியின் மேஜைமேல் வைப்பேன்.
5. மிளகாய் நாற்று வேர் பிடித்த பிறகு, அக்காவிடம் அந்தக் கஞ்சா விதையை எரிக்கக் கேட்பேன். அதுவரை கேட்க எனக்கு வாயில்லை.

உங்கள் மச்சினன்