பிளந்துபோன தச்சு மேசை

வும்பினி,

கீரைக் குழம்பு அடுப்பில் இருக்கிறது, சந்தையிலிருந்து வந்ததும் சாப்பிடு. கொட்டகைச் சாவி தண்ணீர்ப் பானைக்குப் பின்னால்.

பத்து நாளாக மறைத்தேன், இனி முடியாது. ஹர்மட்டான் என்னும் வறண்ட காற்று வந்ததும் என் தச்சு மேசை விரல் நுழையும் அளவுக்குப் பிளந்துவிட்டது. கயிறு கட்டி இறுக்கினேன், பசை ஊற்றினேன். மறுநாளே பக்கத்தில் இன்னொரு பிளவு.

உன் அண்ணன் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "மரம் விக்கிற நீயே ஈர மரத்துல மேசை செஞ்சியா மாப்ளே?" வாங்க வருகிறவர்களிடம் எல்லாம் மரத்தை ஒரு வருடம் காயப்போடச் சொல்கிறவன்தான் நான்.

மேசை இல்லாமல் வீட்டிலிருந்து தொழில் செய்ய வழியில்லை. மறுபடி மரம் விற்க லாரியோடு தெற்கே போகிறேன்.

நெய்ண்டோ

பி.கு.: "இன்னொரு தடவை லாரியில ஏறினீங்கன்னா எங்கம்மா வீட்டுக்குப் போயிடுவேன்" என்று மழைக்காலத்தில் சொன்னாயே. மரம் காயும்வரை நீ இருப்பாயோ என்னவோ என்றுதான் ஈர மரத்திலேயே மேசை செய்ய அவசரப்பட்டேன்.