மேரனின் கோட்டும் உன் அறிவுரையும்

அன்பு மகள் ஜெனெலுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம். நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்க வேண்டிய இடம் இது, கேட்டுவிட்டேன். போனில் பேசினால் 'அம்மா, அம்மா, கொஞ்சம் கேளேன்' என்று நடுவில் புகுந்து என் வாயை அடைத்துவிடுவாய், அதனால்தான் காகிதத்தை எடுத்தேன். அப்பாவுக்கு முழங்கால் வலி தேவலை, ஏரியில் பனிக்கட்டி இன்னும் கெட்டியாக இருப்பதால் தினமும் தூண்டிலைத் தூக்கிக்கொண்டு அதில் துளை போட்டு மீன் பிடிக்கப் போய்விடுகிறார், நான் கோபமாக இருக்கும் நாட்களில் கொஞ்சம் சீக்கிரமாகவே போகிறார், இந்த வாரம் விடிவதற்கு முன்பே போகிறார்.

ஹெய்டி உனக்குப் போன் செய்தாளாமே. நீயும் சளைக்காமல் பேசினாயாமே. அவள் உன் பள்ளித் தோழிதான், இல்லையென்று சொல்லவில்லை, ஆனால் இப்போது அவள் எங்கள் மழலையர் பள்ளியின் பெற்றோர் குழுத் தலைவி, நான் அங்கே டீச்சர், நடுவில் நீ யார்? என் வகுப்பைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லையா உனக்கு? கல்வி அலுவலகத்தில் வேலை பார்க்கிறாய், குழந்தைகளைச் சோதிக்கக் கேள்வித்தாள் தயாரிக்கிறாய், சந்தோஷம். ஆனால் நீ இருப்பது அரிசோனாவில், அங்கே பிள்ளைகள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடிவிடும். இங்கே மினசோட்டாவில் பிப்ரவரி மாதத்தில் ஒரு பிள்ளை வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் பனிக்கால்சட்டை, பூட்ஸ், கோட், தொப்பி, கடைசியில் கையுறை. வரிசை தவறினால் கதை கந்தல். கையுறையை முதலில் போட்ட பிள்ளை ஜிப்பைப் பிடிக்க முடியாமல் நின்று அழும். கோட்டைத் தரையில் விரித்து, அதன் கழுத்துப் பக்கம் தன் காலடியில் இருக்கும்படி நின்று, குனிந்து இரண்டு கையையும் உள்ளே விட்டுத் தலைக்கு மேலே ஒரு வீச்சு வீசினால் அது தானாக வந்து முதுகில் உட்காரும். மூன்று வயதுப் பிள்ளை முதல் தடவை அதைச் செய்துவிட்டு நிமிர்ந்து ஒரு பார்வை பார்க்கும், அதற்காகத்தான் இத்தனை வருஷமாக எங்கள் பள்ளி நடக்கிற இந்தத் தேவாலயத்துக் கீழ்த்தளத்தில் முதுகு வலிக்க உட்கார்ந்திருக்கிறேன். இது படிப்பா என்று ஹெய்டி கேட்கிறாள், நீயும் சேர்ந்து கேட்கிறாய். ஜிப்பைக் கிள்ளிப் பிடிக்கிற அதே இரண்டு விரல்தான் நாளைக்குப் பென்சிலைப் பிடிக்கும். முதலில் எது, அடுத்தது எது என்று தெரியாத பிள்ளைக்கு நீ எந்தக் கணக்கைச் சொல்லித்தரப் போகிறாய்? என் பிள்ளைகள் சின்னக் கூஜாவிலிருந்து தங்கள் பாலைத் தாங்களே ஊற்றிக்கொள்கிறார்கள், சிந்தினால் தாங்களே துடைக்கிறார்கள். எட்டு வயது வரை ஷூ லேஸ் கட்டத் தெரியாமல் காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மகாராணி நீ, உனக்கு இதெல்லாம் எப்படிப் புரியும்.

மேரன் என்று ஒரு குழந்தை, நான்கு வயது, செப்டம்பரில் சேர்ந்தாள். அவள் அப்பா கோர்டி நம் ஊர்ச் சாலையில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். பிறந்ததிலிருந்தே அவளுக்கு இடது கை விரல்கள் மடங்காது. நவம்பர் முழுக்க அந்த ஜிப்போடு மல்லுக்கட்டினாள், நான் தொடவில்லை. தொடாமல் இருப்பதுதான் என் வேலையிலேயே கஷ்டமான வேலை, கை பரபரக்கும். கடைசியில் அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். தரையில் உட்கார்ந்து, இடது மணிக்கட்டால் கோட்டின் ஓரத்தைத் தொடையோடு அழுத்திக்கொண்டு, வலது கையால் முனையைச் செருகி இழுத்தாள். மெதுவாகத்தான் வரும். மற்ற பிள்ளைகள் கதவோரம் வரிசையில் நின்று கோட்டுக்குள் வேர்த்துக்கொண்டே பாட்டுப் பாடும், ஒருத்தரும் முணுமுணுக்கமாட்டார்கள், முணுமுணுப்பதெல்லாம் பெரியவர்கள்தான். எங்களுடையது பெற்றோர்களே சேர்ந்து நடத்தும் பள்ளி அல்லவா, ஒவ்வொரு நாளும் ஒரு பெற்றோர் உதவிக்கு வர வேண்டும், போன மாதம் ஒரு நாள் ஹெய்டியின் முறை. எனக்கு முன்னால் பாய்ந்து போய் மேரனின் ஜிப்பை ஒரே இழுப்பில் மேலே ஏற்றிவிட்டு 'பாரு, எவ்வளவு ஈசி' என்றாள். மேரன் அவளை ஒரு முறை முறைத்தாள். 'நான் போடுறதுக்குள்ள ஏன் போட்டீங்க?' என்று கேட்டுவிட்டு அடிவரை கழற்றினாள், தரையில் உட்கார்ந்தாள், முதலிலிருந்து ஆரம்பித்தாள். அந்தப் பக்கம் ஹெய்டியின் மகன் ப்ரோடி இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு 'அம்மா, எனக்கு மாட்டிவிடு' என்று மரம் மாதிரி நிற்கிறான். அன்றைக்கு வெளியே விளையாட நேரமில்லாமல் போய்விட்டது, ஹெய்டியின் முகம் தக்காளியாகச் சிவந்துவிட்டது.

அப்புறம்தான் கூட்டம் போட்டார்கள். நம் ஊர்க் கூட்டத்தைப் பற்றி உனக்குத் தெரியும், யாரும் குரலை உயர்த்தமாட்டார்கள், கேக் துண்டை நீட்டியபடியே கழுத்தை அறுப்பார்கள். நேரம் வீணாகிறது, பிள்ளைகளுக்கு எழுத்து வரவில்லை, மேரன் அடுத்த வருஷம் வரட்டும், அதுவரை வீட்டில் இருக்கட்டும் என்று ஹெய்டி தேன் ஒழுகப் பேசினாள். நான் வாயைத் திறப்பதற்குள் 'ஆர்லிஸ், தப்பா எடுத்துக்காதீங்க, உங்க பொண்ணே சொன்னா. ஒரு குழந்தைக்காக மத்தவங்க காத்திருக்க முடியாது, அந்த மாதிரிக் குழந்தைங்களுக்குன்னு வேற இடம் இருக்குன்னு' என்றாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பெற்ற மகளின் வார்த்தையாலேயே என் வாயை அடைத்துவிட்டார்கள், ஜெனெல். அவமானத்தில் காது எரிந்தது. அந்தப் பிள்ளையை நீ கண்ணால் கூடப் பார்த்ததில்லையே, 'அந்த மாதிரி' என்று சொல்ல உனக்கு எப்படி மனசு வந்தது? அப்படியும் நான் பேசினேன், பேசி என்ன, மேரனை நிறுத்திவிடலாம் என்று எல்லோரும் கையைத் தூக்கினார்கள், முடிந்தது. நான் ஒருத்திதான் தூக்கவில்லை.

வெள்ளிக்கிழமை கோர்டி அவளை அழைத்துப் போக வந்தார். அவள் கோட் மாட்டும் ஆணியில் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டு, அவள் வரைந்த படம், மாற்று உடுப்பு எல்லாவற்றையும் நானே பையில் போட்டுக் கொடுத்தேன். 'பரவால்ல ஆர்லிஸ், நீங்க என்ன பண்ணுவீங்க' என்றார், அந்த மனுஷன் என்னைத் தேற்றுகிறார். திங்கட்கிழமை வரமாட்டோம் என்பது மேரனுக்குத் தெரியாது. அவர் குனிந்து ஜிப்பைப் பிடிக்கப் போனார், 'கைய எடுப்பா' என்றாள். அவர் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். ஜிப் கழுத்துவரை ஏறியதும் என்னைப் பார்த்து 'திங்கக்கெழம இன்னும் வேகமாப் போடுவேன் டீச்சர்' என்றாள். மற்ற பிள்ளைகள் ஒரு பாவமும் செய்யவில்லை, அதனால் மே மாதம் வரை காலையில் அந்தக் கீழ்த்தளத்துக்குப் போவேன், அதற்குமேல் அந்தப் பெற்றோர் குழுவுக்கும் எனக்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை. ஆனால் மத்தியானம் என்னுடையது. வாசலிலேயே கோர்டியிடம் சொல்லிவிட்டேன், திங்கட்கிழமை மேரன் நம் வீட்டுக்கு வருகிறாள் என்று.

உன் அறையைக் காலி செய்துவிட்டேன். கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்தாயிற்று, உன் கோப்பைகளும் பதக்கங்களும் பெட்டிக்குள் போய் கராஜில் இருக்கின்றன. அப்பா மேரன் கோட் மாட்ட அவள் உயரத்துக்கு ஓர் ஆணி அடித்திருக்கிறார், என்னிடம் ஒன்றும் கேட்காமலே அடித்தார். தண்ணீர் நிறைய குடி, அந்த வெயிலில் தலைவலியோடு வண்டி ஓட்டாதே. உனக்கு ஒரு குறையும் வராமல் கர்த்தர் காப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை, உன் புத்தியைத்தான் அவர் கொஞ்சம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஈஸ்டருக்கு வருவதாகச் சொன்னாய், கட்டாயம் வா. சோஃபாவில்தான் படுக்க வேண்டும். ஹெய்டியிடம் போனில் சொன்னதை மேரன் முகத்தைப் பார்த்து ஒரு தடவை சொல், அவள் உன் அறையில்தான் இருப்பாள்.

இன்னும் கோபம் தணியாத,
உன் அம்மா ஆர்லிஸ்