பையில் எரிந்த டார்ச்

அன்புள்ள அம்மாவுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு, என் விரலளவு டார்ச்சின் வெள்ளை விளக்கை நீக்கி மஞ்சள் விளக்கு பொருத்துவதென்று ஞாயிறன்று தீர்மானித்தேன். உங்கள் மூட்டுவலி தேவலையா? நான் நலம்.

சூடேறினால் தானே ஒளியைக் குறைக்கும் அமைப்பையும் பெருமையாகக் கழற்றிவிட்டேன். அப்போதுதான் விடுதிக் காப்பாளர் பான் அக்கா அறைச் சோதனைக்கு வந்தார். இங்கே அறையில் பேட்டரியோ அடுப்போ குக்கரோ சிக்கினால் விடுதியில் இடம் பறிபோகும். டார்ச்சைக் கால்சட்டைப் பையில் திணித்தேன். அவசரத்தில் பொத்தான் அழுந்திவிட்டது.

"என்ன லியாங், இப்படி வேர்க்குது?"

"புழுக்கம்க்கா."

"டிசம்பர்லயா?"

"மலைநாட்டான்க்கா, அவனுக்கு இதுவே வெயில்," என்றான் அறைத்தோழன் லூ.

பான் பன்னிரண்டு விதிகளையும் நிறுத்தி நிதானமாக வாசித்தார். தொடை வெந்தது, நான் அசையவில்லை. எட்டாவது விதியில் துணி கருகும் வாசனை எழுந்தது.

"எவன்டா எதைத் தீய்க்கிறான்?" அவர் என்னை நோக்கி வந்தார்.

லூ கட்டிலடியிலிருந்து தன் அரிசி குக்கரை இழுத்து வைத்தான். "நான்தான்க்கா. சோறு அடிப்பிடிச்சிருச்சு."

என் காயம் சிறியதுதான், கவலை வேண்டாம். தீப்புண் களிம்பும் மிளகாய் ஊறுகாயும் அனுப்புங்கள்; ஊறுகாய் ஒருவருக்குப் போதுமான அளவு போதும். ஷிப்டுக்கு மணியாகிவிட்டது.

லூ நேற்று அறையைக் காலி செய்தான்.

லியாங்