இன்னொரு ஆன்சேல்மோ

சாந்த இசிதோரோ
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு

அன்பு மகள் லுசியானேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீ சுகமா, அந்த ஊர் வெயில் உடம்புக்கு ஒத்துக்கொண்டதா, ஓட்டலில் பாத்திரம் கழுவிக் கழுவிக் கையில் வந்த புண் ஆறியதா என்று தெரிய வேண்டும். இங்கே நானும் உன் அம்மாவும் ஆண்டவர் புண்ணியத்தில் எழுந்து நடமாடுகிறோம். என் இடது புருவத்துக்கு மேல் தையல் போட்டிருக்கிறது, யாராவது போனில் சொல்லி நீ பதறுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன், உன் திர்செயு சித்தப்பா ஒயின் ஜாடியால் அடித்துவிட்டான். எதற்கு அடித்தான் என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் உன் அம்மா பாதியில் பிடுங்கிக்கொள்வாள். இங்கே இந்த வருஷக் குளிர்காலத்தில் உறைபனி கடுமை, ஆரஞ்சுக் கன்றுகள் எல்லாம் கருகிவிட்டன, சிவப்புப் பசு காளைக்கன்று போட்டிருக்கிறது.

உனக்கு இத்தாலியக் குடியுரிமை வேண்டி என் தாத்தா ஆன்சேல்மோவின் ஞானஸ்நானச் சான்றிதழைக் கேட்டிருந்தாய் அல்லவா. ஜாக்கோமோ இத்தாலியில் பிறந்து கப்பலேறி வந்தவர், அவர் மகன் ஆன்சேல்மோ, அவர் மகன் என் அப்பா, பிறகு நான், பிறகு நீ, இதில் ஒரு கண்ணி விட்டாலும் நடக்காது என்று எழுதியிருந்தாய். நமக்கு வேறு வழியும் இல்லை, என் பாட்டியும் அம்மாவும் போலந்துக்காரிகள், உன் அம்மா ஜெர்மன்காரி. சரி என்று பங்குக் கோவில் அலுவலகத்துக்குப் போனேன். ஆன்சேல்மோவின் ஞானஸ்நானப் பதிவு உடனே கிடைத்தது, எழுத்துக்கூட அழியவில்லை. அலுவலகப் பெண் அதை நகல் எடுக்கும் நேரத்தில், ஜாக்கோமோ செத்த தேதியும் உனக்குத் தேவைப்படுமே என்று சாவுப் புத்தகத்தைப் புரட்டினேன். அதில் ஆன்சேல்மோ, ஜாக்கோமோவுக்கும் பாஸ்குவாவுக்கும் மகன், வயது ஆறு, காட்டு மக்கள் விட்ட அம்பு தொண்டையில் பாய்ந்து இறந்தான் என்று எழுதியிருந்தது. ஆறு வயதில் செத்தவர் எப்படி என் தாத்தா ஆவார் என்று அந்த வரியையே திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பெண்ணோ சிரித்துக்கொண்டே, இதுக்கு எதுக்கு மாமா முழிக்கிறீங்க, செத்த பிள்ளை பேரை அடுத்த பிள்ளைக்கு வைக்கிறது நம்ம வழக்கம்தானே, எங்க வீட்ல மூணு மரியா, ரெண்டு மண்ணுக்குள்ள, ஒண்ணு அடுப்படியில என்றாள். அவள் சொன்னதும் சரிதான். அப்படியானால் அடுத்துப் பிறந்த ஆன்சேல்மோதான் நம் தாத்தா, அவர் பதிவை எடுப்போம் என்று தேடினேன். பாஸ்குவாவுக்கு அதன் பிறகு பிறந்ததெல்லாம் பெண்கள். ஆனால் அந்தப் பையன் செத்த வருஷமே, குளிர்காலத்தில், ஒரு ஞானஸ்நானம் நடந்திருக்கிறது. காட்டிலிருந்து கொண்டுவந்த பையன், ஐந்து வயது இருக்கலாம், பெற்றோர் தெரியாது, ஞானத்தந்தை ஜாக்கோமோ, வைத்த பெயர் ஆன்சேல்மோ.

நாம் சிறுவயதிலிருந்து கேட்ட கதை உனக்கு நினைவிருக்கும். காட்டு மக்கள், நம் ஊர் இழிவாகச் சொல்லும் பூக்ரேக்கள், வீட்டைத் தாக்கியபோது பாஸ்குவா சோளக்களி கிண்டும் செம்புக் கொப்பரையை மகன்மேல் கவிழ்த்து ஒளித்தாள், அவன் பிழைத்தான், அந்த ஓடைக்கரைச் சிலுவையில் வருஷா வருஷம் அதற்குத்தான் நன்றிப் பூசை. என்னால் சும்மா இருக்க முடியவில்லை. கன்னியாஸ்திரீகள் நடத்தும் முதியோர் இல்லத்தில் இருக்கும் செலிண்டா அத்தையிடம் போனேன், தாத்தாவின் பிள்ளைகளில் உயிரோடு இருப்பது அவர் ஒருவர்தான். பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், இப்பத்தான் கேக்கணும்னு தோணுச்சாடா உனக்கு, எல்லாரும் செத்து ஒழியட்டும்னு காத்திருந்தியா என்றார்.

அத்தை சொன்னதை அப்படியே எழுதுகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு படி. கொப்பரைக்குள் யாரும் ஒளியவில்லை. ஜாக்கோமோ வந்து இறங்கி, அந்த மக்கள் கொட்டை பொறுக்கித் தின்ற பைன் மரங்களை மேட்டில் ஒன்றுவிடாமல் வெட்டிச் சாய்த்துச் சோளம் போட்டார். பட்டினி கிடந்தவர்கள் ஒரு மத்தியான வேளையில் வந்தார்கள். சோளத்தில் கிளி விரட்டிக்கொண்டிருந்த பையனின் தொண்டையில் அம்பு பாய்ந்தது. பாஸ்குவா மண்வெட்டியோடு ஓடி ஒருவனின் முகத்தைப் பிளந்தாள், பிறகு மகனைத் தூக்கிவந்து மேசைமேல் கிடத்தினாள், அவன் மூச்சு வாங்கி வாங்கிச் சாயங்காலம்தான் செத்தான். கூலிக்கு ஆள் வேட்டையாடும் கூட்டம் ஒன்று அப்போது மலையில் திரிந்தது, ஜாக்கோமோ அதில் சேர்ந்துகொண்டார். புறப்படும்போது பாஸ்குவா அவர் சட்டையைப் பிடித்து, என் ஆன்சேல்மோவைக் கொண்டா, இல்லாம வெறுங்கையோட இந்த வாசப்படி மிதிக்காதே என்றாளாம். துக்கத்தில் ஒருத்தி பேசிய பேச்சு. அந்த மனிதர் அதை அப்படியே செய்தார். விடியற்காலையில் குடிசைகளை வளைத்து, முதலில் வில்லின் நாண்களை எல்லாம் அறுத்தார்களாம், பிறகு துப்பாக்கிச் சத்தம் கேட்டால் ஓடிவிடுவார்கள் என்று வெட்டுக்கத்தியால் ஆரம்பித்தார்களாம். ஆண் பெண் என்று பார்க்கவில்லை. காதுகளை அறுத்து உப்பில் போட்டு வந்தார்கள், கூலி வாங்க அதுதான் அத்தாட்சி. அத்தை ஒரு பீன்ஸைப் பிளந்துகொண்டே, அதுல ரெண்டு காது எங்க அப்பாவைப் பெத்தவளோடதுடா, அவ முதுகுல தொத்திக்கிட்டிருந்தவரைப் பிச்செடுத்துட்டுத்தான் அவளை வெட்டுனாங்க என்றார்.

பையனைப் பார்த்ததும் பாஸ்குவா விறகுக்கட்டையால் அடித்தாளாம். அவன் கடித்தான், கன்றுக்குட்டிக் கயிற்றால் மேசைக்காலில் கட்டிப்போட்டார்கள், அவள் மகன் செத்த அதே மேசை. குளிர் இறங்கியதும் அவளே மகனின் சட்டையை எடுத்து அவனுக்குப் போட்டுவிட்டாள், சட்டை போட்டதும் அந்தப் பெயரையும் வைத்துவிட்டாள். வீட்டுக்கு அடுத்து வரும் பிள்ளைக்குத்தானே செத்த பிள்ளையின் பெயர், வழக்கத்தை மீறவில்லை பார். தன் மொழியில் ஒரு சொல் சொன்னாலும் வாயில் சூடான களியை அப்பினார்களாம், உதட்டோரம் தாத்தாவுக்கு இருந்த வடு, நாமெல்லாம் குதிரை உதைத்தது என்று நினைத்தோமே, அது அதுதான். தாத்தாவுக்கு இதெல்லாம் நினைவிருந்ததா என்று கேட்டேன். அத்தைக்குக் கோபம் வந்துவிட்டது. வருஷா வருஷம் சிலுவைக்கிட்ட முன்வரிசையில நின்னு, பூக்ரேங்க கையிலருந்து எங்களைக் காப்பாத்துன ஆண்டவரேன்னு எல்லாரையும்விடச் சத்தமா சொல்வாரு, வீட்டுக்கு வந்து மாட்டுக்கொட்டாய்க்குப் பின்னால வாந்தி எடுப்பாரு, நினைவிருந்துச்சா இல்லையான்னு நீயே சொல்லு என்றார். எனக்கு அங்கேயே அழுகை வந்துவிட்டது, வெட்கப்படவில்லை.

மேட்டு நிலம் தங்களுடையது என்று, அந்தக் காட்டு மக்களின் வம்சமான ஷோக்ளெங் மக்கள் வழக்குப் போட்டிருப்பது உனக்குத் தெரியும். போன மாதம் உன் சித்தப்பா ஆட்களோடு சாலையை மறித்து, அவர்களில் ஒரு வாலிபனை மண்வெட்டிக் காம்பால் அடித்துக் கையை உடைத்தான், அதைப் பெருமையாக வேறு சொல்லித் திரிந்தான். ஞாயிறு சாப்பாட்டில், இது நம்ம கொள்ளுத்தாத்தா ரத்தம் சிந்துன மண்ணு, ஒரு பூக்ரேயையும் விடமாட்டேன் என்று ஆரம்பித்தான். நான், ரத்தம் சிந்துனது அவர் இல்ல தம்பி, சிந்த வெச்சவர் அவர், சிந்துனது நம்ம ஆளுங்க என்று சொல்லி எல்லாவற்றையும் சொன்னேன். முழுதும் கேட்டான். கேட்டுவிட்டுத்தான் ஜாடியை எடுத்தான். நான் விழுந்ததும் இரண்டு உதையும் விட்டான், அவன் மகன்கள்தான் இழுத்துப் பிடித்தார்கள். மறுநாள் ஒரு கட்டு சலாமி இறைச்சியோடு வந்து அடுப்படியில் நின்று, அண்ணே, கை நீட்டினது தப்புதான், பேப்பரை அனுப்பிட்டு வாயை மூடிக்கோ, உன் பொண்ணாவது நல்லா இருக்கட்டும் என்றான். என் முகத்தைப் பார்த்துச் சொல்ல அவனால் முடியவில்லை.

உன் அம்மாவும் அதைத்தான் சொல்கிறாள். அவ அங்க கை வெந்து கெடக்கா, நீங்க இங்க செத்தவங்களுக்கு வக்கீல் வேலை பாக்குறீங்களா, பேரும் ஒண்ணுதான், அப்பன் பேரும் ஒண்ணுதான், எந்த அதிகாரி குழி தோண்டிப் பாக்கப்போறான் என்று சொல்லிவிட்டு மூன்று நாளாக என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவள் சொல்வதில் பொய் இல்லை. அந்தச் சான்றிதழ் நிஜமானது, முத்திரையோடு இதோ மேசைமேல் இருக்கிறது, உன் அதிகாரி தாராளமாக ஏற்றுக்கொள்வார். ஆனால் அது அம்பு பட்டுச் செத்த பையனுடையது மகளே. அந்தப் பையனின் சட்டையை ஒரு பிள்ளைக்கு அடித்துப் போட்டுவிட்டார்கள். அதே சட்டையை இப்போது நான் உனக்குப் போட்டு அனுப்பினால், உப்பில் கிடந்த அந்தக் காதுகளுக்கு நானும் கணக்குக் கேட்காதவன் ஆகிவிடுவேன். அதனால் அனுப்பவில்லை. நீ அங்கே தங்கும் அனுமதி டிசம்பரில் முடிகிறது என்பதும், இதனால் நீ திரும்பி வரவேண்டியிருக்கும் என்பதும் எனக்குத் தெரியும், உன் அத்தனை வருஷ உழைப்பு என்னால் வீணாகிறது என்று நினைத்தால் சாப்பாடு இறங்கவில்லை. பங்குத்தந்தைக்கு நீயே இரண்டு வரி எழுதிக் கேட்டால் அவர் மறுக்காமல் அனுப்பிவிடுவார், கேட்டால் உன்மேல் கோபப்படமாட்டேன், என் மகள் இல்லை என்றும் சொல்லமாட்டேன். என் கையால் மட்டும் முடியாது.

உடம்பைப் பார்த்துக்கொள், வெந்நீரில் கை வைக்கும்போது உறை போட மறக்காதே. அம்மாவுக்குப் போன் செய்து என்னை இரண்டு திட்டுத் திட்டு, அவள் மனம் ஆறும். மாதா உன்னை எந்தக் குறையும் இல்லாமல் காக்கட்டும், உன் தலைமேல் கை வைத்து ஆசீர்வதிக்கிறேன். கீழே குடும்பப் பெயரை எழுதவில்லை, மறதி என்று நினைக்காதே, ஜாக்கோமோவின் பெயரைப் போடக் கை வரவில்லை, அந்தப் பையனை அவன் அம்மா என்ன பெயர் சொல்லிக் கூப்பிட்டாள் என்பதை யாரும் எழுதிவைக்கவும் இல்லை.

உன் அப்பா,
ஓலிவியோ