பின்படிக் கதவு

2024 மே 6, திங்கள்

காலையில் தண்ணீர் மோட்டார் மறுபடியும் மக்கர் பண்ணியது. பதினேழு பெண்பிள்ளைகள், ஒரு கிணறு, இரண்டு வாளி. ஏழரைக்குள் எல்லோரையும் குளிக்க வைத்துக் கல்லூரிக்கு அனுப்பியதற்கு எனக்கு யாராவது பதக்கம் தரவேண்டும். சுவேதினி மட்டும் குளிக்காமல் பவுடர் பூசிக்கொண்டு போனாள். கண்டும் காணாததுபோல் இருந்துவிட்டேன்.

கல்லூரிப் பதிவாளர் றெனால்ட்டின் கந்தோரிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. விடுதிகள் எல்லாவற்றுக்கும் தீப் பாதுகாப்புத் திட்டம் எழுதவேண்டுமாம், பிள்ளைகளுக்கு வகுப்பும் வைக்கவேண்டுமாம். பொறுப்பு: விடுதி மேற்பார்வையாளர் யசிந்தா. வேறு யார்? இந்த வீட்டில் எலி செத்தாலும் பொறுப்பு யசிந்தாதான்.

மே 9, வியாழன்

தீயணைப்பிலிருந்து அலுவலர் நவ்ஷாத் வந்தார். மெலிந்த மனிதர், குரல் உயர்த்தவே இல்லை. பிள்ளைகளுக்கு ஒரு மணித்தியாலம் சொல்லிக் கொடுத்தார். புகை வந்தால் குனிந்து போகவேண்டும், அறைக் கதவை இழுத்துச் சாத்திவிட்டுப் போகவேண்டும், எதையும் எடுக்கத் திரும்பி வரக்கூடாது. "போனையுமோ சேர்?" என்று சுவேதினி கேட்டாள். "போனையும்தான்" என்றார்.

பிறகு வீட்டைச் சுற்றிப் பார்த்தார். முன்படிக்குக் கீழே கிடக்கும் பழைய பஞ்சு மெத்தைகளை இன்றே அகற்றச் சொன்னார். அவை பொருட்பதிவில் இருப்பதால் கணக்கெடுப்புக் குழு வந்து பார்க்கும்வரை கைவைக்க முடியாது என்றேன். பிள்ளைகள் படுக்கும் மேல்மாடியின் பின்பக்கம், வெளிப் படிக்கட்டுக்குப் போகும் இரும்புக் கதவடியில் வெகுநேரம் நின்றார். அதில் ஆமைப்பூட்டு தொங்கும். மாலை ஆறு மணிக்கு நான் பூட்டித் திறப்பை இடுப்பில் செருகிக்கொள்வேன்.

"திறப்பு எங்கை?"

இடுப்பைக் காட்டினேன்.

"நீங்கள் கடைக்குப் போனால்?"

"என்னோடதான் வரும்."

"மற்றத் திறப்பு?"

"பதிவாளற்ற கந்தோரில. நாலேகாலுக்கு அதைப் பூட்டிப்போடுவினம்."

"அப்ப நெருப்பு நாலேகாலுக்கு முந்தித்தான் வரவேணும்" என்றார். சிரிக்கவில்லை.

எனக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. பூட்டு என்ன என்னுடைய ஆசையா? ஒவ்வொரு தகப்பனும் தாயும் பிள்ளையைக் கொண்டுவந்து விடும்போது முதலில் கேட்பது சாப்பாட்டை அல்ல, பின்கதவைத்தான். நான் அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். அதை இவருக்கு யார் சொல்வது?

மே 13, திங்கள்

மெத்தை விடயமாகக் கந்தோருக்குப் போனேன். குழு ஓகஸ்டில்தான் வருமாம்.

மே 15, புதன்

முதல் ஒத்திகை. மணி அடித்ததும் சமையல்கார மாக்கிறட் அக்கா குசினி மேசைக்குக் கீழே புகுந்து குப்புறப் படுத்துவிட்டார். "ஏனக்கா?" என்றால், "சண்டைக் காலத்தில இருந்து சத்தம் கேட்டால் படுத்துத்தானே பழக்கம்" என்கிறார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. என் முழங்காலும் மடங்கத்தான் பார்த்தது.

பிறகு பூட்டு. உப்புக்காற்றில் துருப்பிடித்துத் திறப்பு திரும்பவே மாட்டேன் என்றது. எண்ணெய் விட்டு, கல்லால் தட்டி, கடைசியில் திறந்தபோது நான்கு நிமிடம் பத்து வினாடி. ஒன்றுகூடும் இடம் பக்கத்து வெறுங்காணி. அங்கே ஏற்கெனவே ஆறு கழுதைகள் ஒன்றுகூடியிருந்தன.

நான்கு நிமிடம். நவ்ஷாத் அதைக் குறித்துக்கொண்டு போனார். திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

மே 17, வெள்ளி

டிலக்சனா வீட்டின் வரைபடம் கீறிக்கொண்டு வந்து தந்தாள். அவள் படவரைஞர் பாடநெறி, கடைசி வருடம். ஒவ்வொரு அறையிலிருந்தும் பின்படிக்குச் சிவப்பு அம்புக்குறிகள். கதவு இருக்கும் இடத்தில் அம்பு நின்றுவிடுகிறது. "இதுக்கு அங்கால என்ன கீறுறது மிஸ்?" என்று கேட்டாள். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையாகத்தான் கேட்டாள்.

பூட்டைக் கழற்றிவிடலாம் என்று பதிவாளரிடம் சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்கே தெரிந்தது, முடிவெடுத்துவிட்டேன் என்று. பெற்றோர் எல்லோரும் ஒப்பமிட்டுத் தந்தால் தனக்கு ஆட்சேபனை இல்லை என்றார்.

ஜூன் 1, சனி

பெற்றோர் கூட்டம். தோல்விதான், வேறு சொல் இல்லை.

நான் நான்கு நிமிடக் கதையைச் சொன்னேன். வரைபடத்தைக் காட்டினேன். எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு டிலக்சனாவின் தகப்பன் கதிர்காமு அண்ணை எழும்பினார். நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிறவர், நாலு பேர் கேட்கப் பேசக்கூடியவர்.

"நெருப்பு வருமோ வராதோ எனக்குத் தெரியாது மிஸ். பூட்டில்லாத கதவுக்குப் பின்னால குமர்ப்பிள்ளையை விட்டிட்டு எனக்கு நித்திரை வராது. பூட்டைக் கழட்டினால் அண்டைக்கே கூட்டிக்கொண்டு போறன்."

அவ்வளவுதான். மற்றவர்கள் எல்லோரும் அவர் பின்னால். சுவேதினியின் தகப்பன் எமில், கடலுக்குப் போகிறவர், அவர்கூட "அண்ணை சொல்லுறது சரிதான்" என்றார்.

டிலக்சனா சுவரோடு நின்றாள். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. கதவைத் திறந்தால் அவளுடைய படிப்பு முடிந்தது. பூட்டினால் — அதை எழுத வேண்டாம்.

நான் பின்வாங்கிவிட்டேன். பூட்டு இருக்கட்டும் என்றேன். கோழை.

ஜூன் 3, திங்கள்

கதிர்காமு அண்ணை புதுப் பூட்டோடு வந்து நிற்கிறார். கட்டுக்கரைக்கு உர விடயமாக வந்தவர், அப்படியே ரவுன் கடைக்கும் வந்து வாங்கினாராம். "துருப்பிடியாத சாமான் மிஸ். உங்களுக்கொரு திறப்பு, கந்தோருக்கொரு திறப்பு." தானே மாட்டி, நாலு தரம் திறந்து பூட்டிக் காட்டினார். வெண்ணெய் போல் திறக்கிறது. மனிதரை நேற்றுவரை மனதுக்குள் திட்டிக்கொண்டிருந்தேன். தேநீர் கொடுத்து அனுப்பினேன்.

ஜூன் 12, புதன்

இரண்டாவது ஒத்திகை: இரண்டு நிமிடம். மாக்கிறட் அக்கா இம்முறை படுக்கவில்லை, மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டு வெளியே ஓடினார். கைதட்டினோம்.

திட்டத்தை எழுதி முடித்தேன். 'பின்கதவுத் திறப்பு: மேற்பார்வையாளரிடம்.' செவ்வாய்தோறும் அந்தோனியார் கோயில் நவநாள் மன்றாட்டுக்குப் போகிறேனே, அந்த ஒரு மணித்தியாலம்? அந்தோனியார் பார்த்துக்கொள்வார் என்று திட்டத்தில் எழுத முடியாது.

ஜூன் 18, செவ்வாய்

எல்லோரும் இருக்கிறார்கள். பதினேழு பேரும். எழுதக் கை வரவில்லை.

ஜூன் 19, புதன்

கோயிலின் பங்கு மண்டபத்தில் பாய்களுக்கு நடுவே இருந்து எழுதுகிறேன்.

நேற்று ஐந்தே முக்காலுக்குப் பின்கதவைப் பூட்டிவிட்டு நவநாளுக்குப் போனேன். மன்றாட்டுத் தொடங்கிக் கொஞ்ச நேரம். வெளியே ஓட்டோக்காரர்களின் சத்தம். எட்டிப் பார்த்தால் எங்கள் வீட்டுப் பக்கம் கறுத்த புகை, சோளகக் காற்றில் சரிந்துகொண்டு. முன்படிக்குக் கீழே இருந்த தண்ணீர் மோட்டார் சுவிட்சில் பொறி பறந்து, அந்தப் பாழாய்ப்போன மெத்தைகளில் பிடித்திருக்கிறது.

ஓட்டோவில் ஏறினேனா, ஓடினேனா — நினைவில்லை. கடவுளே, பூட்டிப்போட்டு வந்தனானே. நானே என்ர கையால பூட்டினனானே. முன்படி எரியுது, பின்படி பூட்டு, திறப்பு என்ர இடுப்பில. பதினேழு பிள்ளையள் உள்ளுக்க, நான் கோயில்ல பாட்டுப் படிச்சுக்கொண்டு நிண்டனான்.

பின்பக்கம் ஓடிப்போய் நிமிர்ந்து பார்த்தேன். கதவு விரியத் திறந்து கிடந்தது.

கண்ணை நம்பவில்லை. வெறுங்காணிக்கு ஓடினேன். இருந்தார்கள். அறை அறையாக வரிசையில், நவ்ஷாத் சொல்லிக் கொடுத்தபடி. கழுதைகள் ஒரு பக்கம், இவர்கள் ஒரு பக்கம். எண்ணினேன், பதினெட்டு வந்தது. மறுபடி எண்ணினேன், மறுபடியும் பதினெட்டு. மாக்கிறட் அக்காவையும் சேர்த்து எண்ணியிருக்கிறேன். நசீறாவுக்கு முழங்காலில் ஒரு உரசல். அவ்வளவுதான். வேறு ஒரு கீறல் இல்லை ஒருத்திக்கும்.

வண்டியோடு வந்த நவ்ஷாத் நெருப்பை அணைத்துவிட்டு வந்து, "எவ்வளவு நேரம் எடுத்தது?" என்று கேட்டார்.

"ஒண்டரை நிமிசம் சேர்" என்றாள் சுவேதினி. "மிஸ் இல்லாதபடியால் கெதியா முடிஞ்சுது."

அப்போதுதான் அழுதேன். சிரித்துக்கொண்டே அழுதேன். அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதேன், பவுடர் மணந்தது.

ஜூன் 20, வியாழன்

கதவைத் திறந்தது யார்?

பூட்டில் ஒரு திறப்பு கிடந்ததாக நவ்ஷாத் கொண்டுவந்து தந்தார். என்னுடையது என்னிடம். கந்தோர்த் திறப்பு மேசை லாச்சிக்குள், நானே போய்ப் பார்த்துவிட்டேன். அப்படியானால் இது?

சுவேதினியைத்தான் முதலில் கூப்பிட்டேன். அவள் கையை விரித்தாள். "என்னட்டத் திறப்பு இருந்திருந்தால் நான் ஒவ்வொரு பின்னேரமும் போய் றோல்ஸ் வாங்கித் திண்டிருப்பன் மிஸ்." நம்பினேன். அதுதான் உண்மை.

மத்தியானம் டிலக்சனா தானாக வந்தாள். கதவைச் சாத்தினாள்.

"அப்பா தந்தவர் மிஸ். பூட்டு வாங்கின அண்டைக்கே. பெட்டிக்குள்ள மூண்டு திறப்பு இருந்ததாம். 'உன்னை எனக்குத் தெரியும், மற்றதுகளைத் தெரியாது. ஏதும் நடந்தால் நீ வெளியில வந்திடு' எண்டு சொன்னவர்." பிறகு, "நான் ஒருக்காலும் பாவிக்கேல்லை மிஸ். சத்தியமா. அண்டைக்குத்தான்."

அன்றைக்குத்தான். திறந்துவிட்டுக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்று, மற்றப் பதினாறு பேரும் இறங்கிய பிறகுதான் தான் இறங்கியிருக்கிறாள். இதை அவள் சொல்லவில்லை, நசீறா சொன்னாள்.

"ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதேங்கோ மிஸ். அப்பாவுக்கு வெக்கமாப் போயிடும்."

சொல்லமாட்டேன் என்றேன். ஆனால் உள்ளுக்குள் கொதித்தது. ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பூட்டு, தன் பிள்ளைக்குத் திறப்பு! அந்தக் கொதிப்பு பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. அவர் அந்தக் களவைச் செய்திராவிட்டால் நான் இன்று யாருக்கு என்ன பதில் சொல்லிக்கொண்டிருப்பேன்? இரண்டும் ஒரே மனிதர்தான். என்ன செய்வது அவரை?

ஜூன் 23, ஞாயிறு

மண்டபத்தில் பெற்றோர் எல்லோரும். நான் முதலில் எழும்பினேன். தயார்பண்ணிய பேச்செல்லாம் மறந்துபோயிற்று.

"திறப்பு என்னட்டத்தான் இருந்தது. நான் கோயில்ல இருந்தனான். உங்கட பிள்ளையளை நான் காப்பாத்தேல்லை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

பிறகு எமில் கேட்டார், "அப்ப ஆர் திறந்தது?"

"பிள்ளையள்தான் திறந்தவை" என்றேன். பொய் இல்லையே.

கதிர்காமு அண்ணை எழும்பினார். கூட்டத்தை உசுப்பிவிடப் போகிறார் என்றுதான் நினைத்தேன். கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவருடைய மனைவி கனகம்மா அவர் சேட்டைப் பிடித்து இருத்தப் பார்த்தார். இருக்கவில்லை.

"நான்தான் என்ர பிள்ளைக்கு மட்டும் களவாத் திறப்புக் குடுத்தனான். உங்கட பிள்ளையள் பூட்டுக்குள்ள இருக்கட்டும், என்ர பிள்ளை தப்பட்டும் எண்டு நினைச்சனான். இதைச் சொல்லாமல் வீட்டை போக என்னால ஏலாது."

எமில் எழுந்து அவரை நோக்கி நடந்தார். கைகலப்பாகுமோ என்று நானும் முன்னால் போனேன். அவர் போய்க் கதிர்காமு அண்ணையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "உங்கட பிள்ளை என்ர பிள்ளையை விட்டிட்டு வரேல்லை அண்ணை" என்றார்.

ஒப்பத் தாளை நான் நீட்டவே இல்லை. கனகம்மாதான் கேட்டார், "எங்க மிஸ் அந்தப் பேப்பர்?" பேனை கைமாறிக் கைமாறிப் போனது. பதினேழும் வந்துவிட்டது.

ஜூலை 2, செவ்வாய்

மடு மாதா கோயில் திருவிழா. போகவில்லை. வீட்டில் பூச்சு வேலை நடக்கிறது. இருந்த இடத்திலிருந்தே மாதாவுக்கு நன்றி சொன்னேன். நிறையச் சொன்னேன்.

ஜூலை 17, புதன்

வீட்டுக்குத் திரும்பியபின் முதல் ஒத்திகை. கதவில் இப்போது பூட்டு இல்லை. உள்பக்கத்தில் ஒரு தாழ்ப்பாள் மட்டும். அதை எடுத்தால் என் அறையிலும் குசினியிலும் மணி அடிக்கும். நவ்ஷாத்தின் யோசனை. ஒரு நிமிடம் ஐந்து வினாடி. படிக்குக் கீழே இனி ஒரு விளக்குமாறுகூட வைக்க விடமாட்டேன்.

மணி இதுவரை மூன்று தரம் அநாவசியமாக அடித்தது. இரண்டு தரம் காற்று. ஒரு தரம் சுவேதினி, றோல்ஸ். அரை மணித்தியாலம் ஏசினேன். எனக்கும் ஒன்று வாங்கி வந்திருந்தாள்.

2025 ஜனவரி 11, சனி

புதுப் பிள்ளைகளுக்கு அறை பிரிக்கும் நாள். பின்படியை ஒட்டிய அறையைப் போன வருடம் எந்தத் தகப்பனும் விரும்பவில்லை. முன்னறை கேட்டுச் சண்டை பிடித்தார்கள். இந்த வருடம் அந்தப் பின்னறைக்கு ஒன்பது பேர். கட்டில் நான்கு. ஒருவர் கொண்டச்சியிலிருந்து விடிய வெளிக்கிட்டு வந்து வாசலில் நிற்கிறார். கடைசியில் சீட்டுக் குலுக்கினேன்.

டிலக்சனா படிப்பை முடித்து வவுனியாவில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். கதிர்காமு அண்ணை இம்முறை இளையவளைக் கொண்டுவந்திருந்தார். அவளுக்குச் சீட்டில் முன்னறைதான் விழுந்தது. ஏதாவது சொல்லப்போகிறாரோ என்று பயந்து, "வேணுமெண்டால் மாத்திப் பாக்கிறன் அண்ணை" என்றேன்.

மனிதர் மேலே போனார். அந்தத் தாழ்ப்பாளைத் தானே எடுத்தார். வீடு முழுக்க மணி அடிக்க, வெளிப்படியில் இரண்டு படி இறங்கி நின்று பார்த்துவிட்டு, திரும்பி வந்து பெட்டியைத் தூக்கினார்.

"எந்த அறையெண்டாலும் பரவாயில்லை மிஸ். கதவு திறக்குதுதானே."