மூன்று தையலும் ஒரு பிளக்கும்

அன்புள்ள அம்மா,

உன் முட்டிவலி தேவலையா? நான் நலம். நெற்றியில் மூன்று தையல், அவ்வளவுதான்.

ஆபீசில் யார் எந்தப் புரோகிராம் வரியை மாற்றினார்கள் என்று காட்டிக்கொடுக்கும் மென்பொருளை, அதன் மூல வரிகளிலிருந்தே கம்பைல் செய்து, அதாவது கம்ப்யூட்டருக்குப் புரியும்படி மாற்றி, நிறுவிக்கொண்டிருந்தேன். அடுத்தவர் வேலையைத் திருட்டுத்தனமாக அழித்துவந்த பக்கத்து சீட்டுக்காரன், "என்னையே மாட்டிவிடப் பாக்குறியாடா?" என்று நாற்காலியைத் தூக்கி என் மண்டையில் இறக்கினான். அப்புறம் வேலை பாதியில் நிற்கட்டும் என்று கம்ப்யூட்டர் பிளக்கைப் பிடுங்கப் பாய்ந்தான். உன் பிள்ளை தலையை விட்டுவிட்டு பிளக்கைக் காப்பாற்றினான்! அவன் என் விலாவில் உதைத்தான், கையைக் கடித்தான். கம்பைல் முடியும்வரை நான் உடும்புப்பிடியை விடவில்லை.

அலமாரியிலிருக்கும் என் பழைய மூக்குக்கண்ணாடியை அனுப்பு. இந்த வாரம் வீடியோவில் கூப்பிடாதே, குரல் போதும். ஆனால் தினமும் கூப்பிடு.

ஸ்கேனுக்கு அழைத்துப்போக ஆள் வந்துவிட்டார்.

உன் மகன்